பாண்டிக்குச் செம்பட்டை நூல்

சுஹைனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. ஓசூரில் கம்பெனிக்குப் போகிறவர்கள் எல்லாம் திங்கட்கிழமையிலிருந்தே அந்த ஒரு நாளுக்குக் காத்துக் கிடப்பார்கள். அவள் மட்டும் சனிக்கிழமை சாயங்காலமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். காரணம் ஒரு பூனை. அதுவும் அவளுடைய பூனை இல்லை.

பூனை பின் வீட்டு வீரலட்சுமியுடையது. ஒரே காம்பவுண்டுக்குள் முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு. முன் வீட்டில் சுஹைனா, கணவர் சமியுல்லா, பள்ளிக்கூடம் போகும் மகன் தௌசிப். சமியுல்லா ராயக்கோட்டை மண்டியில் தக்காளி எடுத்து ஓசூர்க் கடைகளுக்குப் போடுகிறவர். பின் வீட்டில் வீரலட்சுமியும் அவள் புருஷன் ராஜேஷ்குமாரும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

சாக்கடை ஓரம் கண் திறக்காமல் கிடந்த குட்டியை எடுத்து வந்து, மருந்து பாட்டில் ஃபில்லரில் பால் புகட்டி வளர்த்தது வீரலட்சுமிதான். பாண்டி என்று பேர் வைத்ததும் அவள்தான். இதையெல்லாம் சுஹைனா இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பகல் முழுக்க அந்தப் பாண்டி எங்கே இருந்தான் என்று கேட்டால்தான் கதை மாறும்.

ஓசூர்க் குளிர் தெரிந்ததுதான். பின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. முன் வீட்டு வாசலிலோ காலை வெயில் பாய் விரித்த மாதிரி விழும். சுஹைனா அங்கேதான் உட்கார்ந்து கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்வாள். மகன் பள்ளிக்கூடம் கிளம்பிய கையோடு, பின் வீட்டு ஜன்னல் கம்பி வழியாக வழுக்கி இறங்கி, பூனை நேராக அவளிடம் வந்துவிடும். வெயிலில் நீட்டி நிமிர்ந்து படுக்கும். சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்து, சோம்பல் முறித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

கண் மை மாதிரிக் கருப்பாக இருந்ததால் அவள் அதற்குச் சுர்மா என்று பேர் வைத்திருந்தாள். வீட்டில் கோழி எடுத்தால் ஈரலில் பாதி சுர்மாவுக்குத்தான். சமியுல்லாவுக்கு ஈரல் உயிர். அவர் ஒருநாள் குழம்புச் சட்டியைக் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பூனைக்கு ரெண்டு பொண்டாட்டி. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. நான்தான் இடையில ஈரல் இல்லாம நிக்கறேன்."

"சும்மா இருங்க" என்றாள் சுஹைனா. ஆனால் ராத்திரிக்கு ஒண்ணு என்றது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வீரலட்சுமி பூனையை வெளியே விடவே மாட்டாள். ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, அதை மடியிலேயே வைத்திருப்பாள். உள்ளிருந்து அவள் கொஞ்சுவது முன் வீடு வரைக்கும் கேட்கும். சுஹைனா அன்றைக்கு மட்டும் மிக்சியைக் கொஞ்சம் அதிகமாக ஓடவிடுவாள்.

ஒருமுறை வீரலட்சுமி லீவு போட்டுவிட்டுப் பகலில் தேடிக்கொண்டு வந்தாள். "அக்கா, பாண்டி இங்கிட்டு வந்தானா?" என்று வாசலில் நின்று கேட்டாள். பூனை அப்போது தையல் மிஷினுக்குப் பின்னால், வெட்டுத் துணி மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தது. "இல்லையேம்மா, நான் பாக்கலையே" என்று சுஹைனா கண் இமைக்காமல் சொன்னாள். சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான், வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுத்து முழுங்கவா முடியும்?

அந்த வீரலட்சுமிதான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல், போனைக் கையில் பிடித்தபடி சுஹைனா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு டாக்டர் வீட்டு நாய நூல்லயே தச்சுக் குடுத்தீங்கள்ல, வட்டமா ஃப்ரேமுக்குள்ள? ஸ்டேட்டஸ்ல பாத்தேன். அதே மாதிரி பாண்டியத் தச்சுக் குடுங்கக்கா. மாசக் கடைசிக்குள்ள வேணும். நாங்க பாகலூர்ப் பக்கம் வீடு மாத்துறோம்."

சுஹைனா நூல் பெட்டியைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். "பாகலூரா? எதுக்கு?"

"இவுகளுக்கு அங்கிட்டுப் பக்கத்துல வேலை. தனி வீடுக்கா. சுத்தி அக்கம்பக்கம் ஒருத்தரும் இல்ல" என்றாள் வீரலட்சுமி. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப பூனை?"

"அவன விட்டுட்டு எப்படிக்கா போவேன்? அவனுந்தான் வாரான்."

வேண்டாம் என்று சொல்லச் சுஹைனாவுக்கு என்ன உரிமை? பூனை இங்கே வருவதே இல்லை என்று சாதித்தவள் அவள். நூல் பெட்டியைத் திறந்தபடி, "போட்டோ காட்டு" என்றாள்.

வீரலட்சுமி காட்டினாள். எல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. கட்டிலில் பாண்டி, ராஜேஷ்குமார் கால் மேல் பாண்டி, சோற்றுப் பானை பக்கத்தில் பாண்டி. கடைசியாக ஒரு படத்தில் விரல் வைத்துப் பெரிதாக்கினாள். பூனை மல்லாந்து கிடந்தது. நாலு காலும் நாலு பக்கம். வயிற்றில், நடு மத்தியில், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"இப்படியே தச்சுக் குடுங்க. இந்த வெள்ளத் திட்டு கண்டிப்பா வேணும். என் கழுத்தோரமாப் படுத்துக்கிட்டு இப்படித்தான் வயித்தக் காட்டித் தூங்குவான். நம்பிக்கை வந்தாத்தான் பூனை வயித்தக் காட்டுமாம்."

சுஹைனா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை காலம் ஈரல் போட்டிருக்கிறாள், காதுக்குப் பின்னால் சொறிந்து விட்டிருக்கிறாள், உண்ணி எடுத்திருக்கிறாள். இந்த வெள்ளைத் திட்டை அவள் பார்த்ததே இல்லை. அவளிடம் அது ஒருக்களித்துத்தான் படுக்கும். வயிற்றை ஒருநாளும் காட்டியதில்லை. எரிச்சலில் காது மடல் சுட்டது. இவ்வளவு தின்றுவிட்டு வயிற்றை மட்டும் அங்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது, நன்றி கெட்டது.

"கலர் சொல்லு" என்றாள் சுருக்கமாக.

"கலர் என்னக்கா, கருப்புத்தான்."

வேறு யாராக இருந்தாலும் சுஹைனா இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். கருப்பு நாய்க்குக்கூட அவள் நாலு கருப்பு வைப்பாள். செல்லத்தை நேரில் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் உட்காரவைத்து, நூல்கண்டை அதன் முடி மேலேயே வைத்துப் பார்த்துத்தான் நிறம் எடுப்பாள். சுர்மாவின் நிறமும் அவளுக்கு மனப்பாடம். நிழலில் அது கருப்பு. வெயில் பட்டால் முதுகிலிருந்து தோள் வரைக்கும் செம்பட்டை எழும்பும். கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது ஓரத்தில் தெரியுமே, அந்த நிறம். அதற்குச் சரியான கண்டு பெட்டியின் இடது மூலையில் இருந்தது. அவள் விரல் அதன் மேல்தான் இருந்தது.

"முதுகுல, தோள் பக்கம் வேற ஏதாச்சும் கலர் தட்டுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பாண்டிக்கா? அட்டக் கருப்புக்கா அவன்" என்று வீரலட்சுமி சிரித்தாள்.

"கண்ணு?"

"கண்ணும் கருப்புத்தான். பெரிசா, உருண்டையா. சுத்தி மட்டும் நூல் கட்டுன மாதிரிப் பச்ச."

இருட்டிய பிறகு பார்க்கிறவளுக்கு அப்படித்தான் தெரியும். பகலில் அந்தக் கண் எலுமிச்சம்பழ நிறத்தில் இருக்கும், நடுவில் நெல்லுமணி மாதிரி ஒரு கீற்று. சுஹைனா அதைச் சொல்லவில்லை. விரலைச் செம்பட்டைக் கண்டிலிருந்து எடுத்தாள். இவளுக்குத் தெரியாது என்கிற நினைப்பு நாக்கில் வெல்லமாக இனித்தது. உனக்கு வயிறு, எனக்கு முதுகு. உன் பூனையை நீ எடுத்துக்கொண்டு போ, என் பூனையை உன் சுவரில் மாட்ட நான் ஏன் தைத்துத் தர வேண்டும்?

"சரி, கருப்பே வச்சிரலாம்" என்றாள்.

அடுத்த நாட்களில் வேலை நடந்தது. முடி உள்ள பிராணிக்கு அவள் எப்போதும் ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையில்தான் தைப்பாள். நீளமும் குட்டையுமாக, ஒரு தையலுக்குள் அடுத்த தையல் புகுந்து போகும்படி, முடி எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கமே ஊசி போகும். தடவிப் பார்த்தால் பிராணியைத் தடவுகிற மாதிரியே இருக்கும். பாண்டிக்கு அவள் அந்தக் கஷ்டமெல்லாம் படவில்லை. இரண்டு இழை சேர்த்து, ஜாக்கெட் கையில் இலை நிரப்புகிற வழவழப்புத் தையலைப் போட்டாள். ஒரே கருப்பு. ட்யூப்லைட் பளபளப்புக்கு அங்கங்கே கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். கண்ணுக்கு வட்டக் கருப்பு, பச்சைக் கரை. குறை சொல்ல முடியாத வேலைதான். உயிர்தான் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளைத் திட்டுக்கு வரும்போது கை நின்றது. அசல் பூனை இரண்டு முழம் தள்ளி வெயிலில் செம்பட்டையாக மின்னிக்கொண்டு படுத்திருந்தது. ஒரே ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு, மெதுவாகப் பக்கத்தில் போய், இரண்டு கையாலும் அதைப் புரட்டினாள். பூனை ஒரு சீறல் சீறி, மணிக்கட்டில் நாலு கோடு கீறிவிட்டு, மதில் மேல் ஏறிக்கொண்டது. அங்கிருந்து அவளை ஓர் அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தது.

மதியம் சாப்பிட வந்த சமியுல்லா கீறலைப் பார்த்தார். "என்ன, மாப்ள கோவமா?"

"ஊசி பட்டுருச்சு."

"ஊசி நாலு தடவ வரிசையாப் படுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் கண் நிறைந்திருப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். வெள்ளைத் திட்டை அவள் போட்டோவைப் பார்த்துத்தான் முடித்தாள்.

வட்ட ஃப்ரேமைக் கையில் வாங்கிய வீரலட்சுமி அழுதேவிட்டாள். "அப்படியே இருக்கான்க்கா! ராத்திரி எம்பக்கத்துல கிடக்குற மாதிரியே இருக்கு!" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சுஹைனா சிரித்துக்கொண்டு நின்றாள். ஏமாற்றியது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

வீடு மாறிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுஹைனாவுக்கு ஆகாத ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். டிரைவர் கோபியின் குட்டி யானை வண்டி காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டது. கட்டில், பீரோ, சிலிண்டர் எல்லாம் ஏறின. பூனையை எதில் கொண்டுபோவது என்று வீரலட்சுமி கையைப் பிசைந்தபோது, சமியுல்லா தானாக முன்வந்து இரண்டு தக்காளிக் கிரேட்டுகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, கயிறு போட்டு அருமையான கூண்டு செய்து கொடுத்தார். கிரேட்டைத் திரும்ப எடுத்துவர நானும் வண்டியிலேயே போய்வருகிறேன் என்றார். கட்டின புருஷனே கூண்டு செய்து கொடுத்தால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சுஹைனா அவரைப் பார்த்த பார்வையில் தக்காளியே வெந்திருக்கும்.

பூனையை உள்ளே வைத்துக் கட்டிய பிறகு வீரலட்சுமி முன் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த வட்ட ஃப்ரேம் இருந்தது. அதை நீட்டினாள்.

"இது உங்களுக்குத்தான்க்கா. வச்சுக்கங்க."

"எனக்கா? நீதானே கேட்டு வாங்குன?"

"உங்களுக்குக் குடுக்கத்தான் கேட்டேன்." வீரலட்சுமி தரையைப் பார்த்தபடி பேசினாள். "பாண்டி பகல் பூரா எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்க்கா. தினம் உடம்புல நூல் துண்டு ஒட்டிக்கிட்டு வருவான். மஞ்ச, ரோஸ், ஜரிகை. நான் உக்காந்து ஒவ்வொண்ணா எடுப்பேன். ஒருநா மூக்கு மேல ஜமிக்கி ஒட்டியிருந்துச்சு. அன்னிக்குத்தான் லீவு போட்டுட்டு உங்ககிட்ட வந்து கேட்டேன். இல்லைன்னுட்டீங்க."

சுஹைனாவுக்கு நின்ற இடத்தில் வியர்த்தது.

"எனக்கு வயிறு எரிஞ்சுச்சுக்கா. நான் வைக்கிற பாலக் குடிக்க மாட்டான். ஈரல் வாசனையோட வந்து எம்பக்கத்துல தூங்க மட்டும் தூங்குவான். நான் முழிச்சிருக்குறவன வளத்தேன், எனக்குத் தூங்குறவன்தான் கெடச்சான். அதான் இவுகளப் பிடுங்கியெடுத்து வீடு மாத்துறேன். இவுக வேலைக்குப் பக்கம்கிறதுக்காகன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீங்களும் அவன் மேல உசுராத்தான் இருந்தீங்க. அதப் பாத்தாப் பாவமாவும் இருந்துச்சு. அதனாலதான் உங்க கையாலயே தைக்கச் சொன்னேன். அவன நான் கொண்டு போறேன். இது உங்ககிட்ட இருக்கட்டும்."

சுஹைனா ஃப்ரேமை வாங்கிக்கொண்டாள். வழவழவென்று, உயிரில்லாமல், ட்யூப்லைட் பளபளப்போடு, அவள் ஒருநாளும் பார்த்திராத பூனை ஒன்று அவள் கையில் மல்லாந்து கிடந்தது. இனி அவளுக்கு மிச்சம் இதுதான். அவளே அவளுக்குத் தைத்துக்கொண்டது. வெட்கம் ஒரு பக்கம், இப்போதும் அணையாத பொறாமை ஒரு பக்கம். வீரலட்சுமியின் பின்னாலேயே வண்டி வரைக்கும் நடந்தாள்.

வெயில் அப்போதுதான் மதிலைத் தாண்டி ஏறியிருந்தது. கிரேட்டின் சந்துகள் வழியாக உள்ளே விழுந்தது. பூனை குறுகி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் செம்பட்டை தகதகவென்று எழும்பியது.

"ஐயோ அக்கா, இங்க பாருங்க!" வீரலட்சுமி பதறிப்போனாள். "இவனுக்கு என்னாச்சு? முடியெல்லாம் செம்பட்டையாக் கெடக்கு! கண்ணு வேற மஞ்சளா இருக்கே! சீக்கா?"

ஆமாம், சீக்குத்தான், இங்கேயே விட்டுவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு நிமிஷம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுஹைனா அதை விழுங்கினாள். ஏற்கெனவே ஒரு பொய் மிஷினுக்குப் பின்னால் தூங்கியது போதும்.

"சீக்கெல்லாம் இல்ல வீரா. வெயில்ல அவன் அப்படித்தான் இருப்பான். எப்பவுமே அப்படித்தான்."

"எப்பவுமா?"

"ம்."

வீரலட்சுமி பூனையைப் பார்த்தாள். பிறகு சுஹைனா கையிலிருந்த ஃப்ரேமைப் பார்த்தாள். நூல் பெட்டி முன்னால் உட்கார்ந்து, முதுகில் வேறு கலர் தட்டுகிறதா, நல்லா யோசிச்சுச் சொல்லு என்று கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கம்பெனியில் பீஸ் பீஸாகக் குறை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"தெரிஞ்சேதான் வைக்காம விட்டீங்களாக்கா?"

சுஹைனா ஃப்ரேமின் முகப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குன்னு நெனச்சுத் தச்சதுனாலயா?"

வீரலட்சுமி கையை நீட்டி, கோபப்படாமல், ஃப்ரேமைச் சுஹைனாவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அப்ப இது என் பாண்டிதான். என்கூடவே வரட்டும்" என்றாள். "உங்களவன நீங்க தச்சுக்கங்க."

ராஜேஷ்குமார் பைக்கை எடுத்தான். வீரலட்சுமி பின்னால் ஏறி, ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டாள். குட்டி யானை குலுங்கிக் கிளம்பியது. கிரேட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. பூனைகள் விஷயத்தில் இதைத்தான் சகிக்க முடிவதில்லை, யார் பக்கம் என்று கடைசி வரைக்கும் சொல்லாது.

சுஹைனா வாசலுக்குத் திரும்பி வந்து வெயிலில் உட்கார்ந்தாள். நூல் பெட்டியின் இடது மூலையிலிருந்து செம்பட்டைக் கண்டை எடுத்தாள். புது வெள்ளைத் துணியைத் தையல் வளையத்தில் இறுக்கினாள். மனப்பாடம் என்று நினைத்த நிறம் இப்போது சந்தேகமாக இருந்தது. இதுவா, இதைவிட ஒரு படி சிவப்பா? தோளில் எந்த இடத்தில் தொடங்கும்? இத்தனை நாள் பக்கத்திலேயே கிடந்ததால் ஒருநாளும் நூலை அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளவில்லை. ஊர் நாய்க்கெல்லாம் வைத்துப் பார்த்தவள் அதற்கு மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு முடியாவது கிடைக்குமா என்று மடியில், பாயில், துணி மூட்டையில் தேடினாள். அந்நியர் பூனையின் முடி வீட்டில் கிடக்கிறது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று தினமும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த வீடு அது. ஒன்றும் கிடைக்கவில்லை.

போனை எடுத்துச் சமியுல்லாவை அழைத்தாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவர் கத்தினார். "இப்பத்தான் வந்து சேந்தோம். பூனைய இறக்கி விட்டாச்சு. நேரா அந்த வீட்டு வெயில்ல போய்ப் படுத்துக்கிச்சு. அந்தப் பொண்ணு பக்கத்துலயே உக்காந்து, கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருக்கு. கிரேட்டுல ஒரே நாத்தம். இங்க குழாய் இருக்குது, கழுவி எடுத்தாந்துடறேன்."

"கழுவாதீங்க" என்றாள் சுஹைனா.

"என்னாது?"

"கிரேட்டக் கழுவாதீங்க, உதறாதீங்க. அப்படியே கொண்டாங்க. உள்ள முடி ஒட்டியிருக்கும். எனக்குக் கலர் பாக்கணும்."